வீட்டுக்கு வாட்டர் சர்வீஸ், குளவிக் கூடு நீங்கலாக

வெளிச்சுவர் கழுவுறவன் ஒரு வீட்டுக்கு வருசத்துல நாலு தடவை போறான். சொந்தக்காரங்களே அம்புட்டுத் தடவை போறதில்ல. ராணுவத்துல பதினேழு வருசம் லாரி கழுவிட்டு, ராஜபாளையத்துல ப்ரஷர் மிஷினோட இறங்கினவன் நான். காருக்கும் பைக்குக்கும் வாட்டர் சர்வீஸ் உண்டு, வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேட்டுத்தான் ஆரம்பிச்சேன். லோடு ஆட்டோவுல மிஷின், ஏணி, தண்ணி டிரம். தையில பஞ்சுத் தூசி, சித்திரையில புழுதி, ஆடிக் காத்துக்குச் செம்மண்ணு, ஐப்பசி மழைக்குப் பாசி. உங்க வீட்டுச் சுவரும் இதுல ஏதோ ஒண்ணைச் சுமந்துக்கிட்டுதான் நிக்கும், எனக்குத் தெரியும். வெட்கப்படாதீங்க. சுவரைத் தொட்டுப் பார்த்ததும் எம்புட்டு வேகத்துல தண்ணி அடிக்கணும்னு சொல்லிருவேன்.

சாம்பல் கலர் வீடு

ராஜபாளையத்துல ஒரு மில்லுக்குப் பக்கத்துல அந்த வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறதுக்குப் பதிலா என்னைக் கூப்பிட்டாங்க. பறந்து வந்த பஞ்சு பனி ஈரத்துல ஒட்டி, சுவரு பூராவும் கம்பளி போர்த்தின மாதிரி கிடந்துச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கட்டிக் கொடுத்திருந்த மக மகேஸ்வரியும் மருமகன் கணேசனும் பொங்கலுக்கு வந்திருந்தாங்க. எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறக்கிறதுக்குள்ள கேட்டுட்டாங்க, “என்ன மகேசு, விசேஷம் ஏதும் உண்டா?” கல்யாணமாகி ஆறு வருசம். அந்தப் பிள்ளை முகம் சுண்டல. “இல்ல அத்தை. அடுத்த மாசம் மதுரையில டாக்டரம்மாகிட்டப் போறோம்”னு பட்டுனு சொல்லிருச்சு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

நான் மேலேயிருந்து கழுவிக்கிட்டே கீழே இறங்கினேன். இறங்க இறங்க உள்ளேயிருந்து நல்ல கிளிப்பச்சை வந்துச்சு. கணேசன் கையில காப்பியோட அப்படியே நின்னுட்டார்.

“ஆறு வருசமா பொண்ணு எடுத்த வீடு சாம்பல் கலருன்னுல்ல நினைச்சேன்! எங்க வீடு என்ன கலரோ, நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க.”

மேல ஒரு சொட்டுப் படக் கூடாது

மாசியில கணேசன் வீட்டுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல, கோயிலைத் தாண்டி ரெண்டாவது தெரு. வருசத்துக்கு நாலு தடவை கழுவுறதுன்னு பேசி முடிச்சோம். குழாயை மாட்டிக்கிட்டு இருக்கும்போது கணேசனோட அம்மா பேச்சியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாங்க. கையில குடை வேற. வெயிலும் இல்ல, மழையும் இல்ல.

அண்ணாந்து பார்த்தேன். சன்ஷேடுக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்குக் குளவிக் கூடு, களிமண்ணு இன்னும் காயல. குளவி வந்து கூடு கட்டுனா அந்த வீட்டுல பிள்ளை வரும்னு நம்ம பக்கத்துல சொல்லுவாங்கள்ல, அதேதான். கூட்டைப் பார்த்த அன்னைக்கே பேச்சியம்மாள் மதுரைக்குப் போக வேண்டாம்னுட்டாங்க. அதான் கூடு வந்திருச்சே, ஊசி எதுக்கு? கணேசனும் தலையை ஆட்டிட்டார். அம்மா பேச்சைத் தட்டத் தெரியாத மனுசன். மகேஸ்வரி வாளியை எடுத்துட்டு உள்ளே போயிருச்சு.

நானும் தண்ணியை விசிறியா விரிக்கிற நாஸிலை மாட்டி, கூட்டுல படாம அதைச் சுத்தி மெதுவா அடிச்சேன். வீடு பூரா வெள்ளை வெளேர்னு ஆச்சு, அங்க மட்டும் தோசைக்கல் அகலத்துக்கு அழுக்கு. பேச்சியம்மாள் சேலையெல்லாம் நனைஞ்சும் எந்திரிக்கல.

“நாலு பக்கமும் நல்லா அடிய்யா, என் பேரன் மேல மட்டும் ஒரு சொட்டுத் தெறிக்கக் கூடாது.”

சித்திரையில தண்ணிச் சண்டை

சித்திரையில தண்ணிக்கு நாயா அலையுற தெருவுல போய் சுவரைக் கழுவினா வசவு வாங்காம வர முடியுமா? நாலு வீட்டு ஆளுங்களும் குடத்தோட வந்துட்டாங்க. நான் அசரல. டிரம்மைத் தட்டிக் காட்டி, “ராஜபாளையத்துல எங்க வீட்டுப் போர்த் தண்ணி, உங்க தெருக் குழாய்ல ஒரு டம்ளர் கூட எடுக்கல”ன்னேன். மிச்சத் தண்ணியை ஆளுக்கு ஒரு குடம் கொடுத்தேன். சண்டை அதோட முடிஞ்சுது.

முடிஞ்சிருந்தா நல்லது. வந்த பொம்பளைங்க கண்ணு அந்த அழுக்கு வட்டத்துக்குப் போயிருச்சு. பேச்சியம்மாள் பெருமையா விவரம் சொன்னாங்க. எல்லாரும் கூட்டைப் பார்த்தாங்க, அப்புறம் வரிசையா மகேஸ்வரி வயித்தைப் பார்த்தாங்க. அந்தப் பிள்ளை எனக்கு மோர் கொண்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. பாதி வழியில நின்னுருச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு, தண்ணி அடிக்கிற கன்னைத் திருப்பி அம்புட்டுப் பேரையும் நனைச்சு விட்ருக்கணும். குடம் வாங்கின அம்மா ஒண்ணு போற போக்குல சொல்லிட்டுப் போச்சு.

“என்னட்டி, குளவி வந்து ரெண்டு மாசமாச்சுங்காக, நீ இன்னும் சும்மாதான் இருக்கியா?”

புரட்டாசி சனிக்கிழமை

ஆடிக் காத்து அடிச்சு ஓய்ஞ்ச பொறவு மகேஸ்வரியே போன் பண்ணுச்சு. “அண்ணே, சனிக்கிழமை காலையில வாங்க.” போனேன். நாற்காலி இல்ல, குடை இல்ல. பேச்சியம்மாள் ஊருக்குப் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாளைச் சேவிக்கப் போயிருக்காங்க, கணேசன் வேலைக்குப் போயிட்டார். அந்தப் பிள்ளை ஜன்னலைக் காட்டி, “அதையும் எடுத்துருங்க”ன்னுது.

முடியாதுன்னுட்டேன். குடும்பச் சண்டையில தலையைக் கொடுத்தா தெருவுக்குள்ள மறுபடி கால் வைக்க முடியுமா? “உங்க அத்தை மனசு உடைஞ்சிரும்மா, நாளைக்கு உன்னைத்தான் சொல்லுவாக”ன்னேன். அது அழல, கெஞ்சல. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டு வந்து காட்டுச்சு. மாசியில போயிருக்க வேண்டிய தேதி, அப்புறம் ரெண்டு தேதி, எல்லாம் போயிருச்சு.

ஏணியை வச்சு ஏறிப் பார்த்தேன். கூட்டுல ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. குஞ்சு பொரிச்சுக் குளவியெல்லாம் எப்பவோ பறந்து போச்சு, வெறும் மண்ணுதான் மிச்சம். அதை விரலால தட்டினாலே விழுந்திருக்கும். ஆனாலும் இறங்கி வந்து, தண்ணி ஊசியாப் பாயுற நாஸிலை மாட்டி, முழு வேகத்துல அடிச்சேன். மனசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அத்தை வந்து கேட்டா என்ன சொல்லுவேன்னு நான் யோசிச்சிட்டு நிக்க, அது சுவரைப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு.

“எனக்கு முப்பத்தி மூணு ஆகுதுண்ணே. இன்னொரு குளவிக்குக் காத்துக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல.”

கை தவறின கதை

ஓடிப் போயிருக்கலாம். மிஷினைக் கழட்டாம சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கணேசன் முதல்ல வந்தார், பின்னாடியே நாமக் குறியோட பேச்சியம்மாள். வாசல்லயே அண்ணாந்து பார்த்துட்டாங்க. நான் முந்திக்கிட்டேன். “ஆத்தா, என் தப்புதான். கை தவறிருச்சு.”

ராணுவத்துல பதினேழு வருசத்துலயும் சரி, இந்தத் தொழில்லயும் சரி, என் கை தவறினது கிடையாது. மகேஸ்வரி வாயைத் திறக்கப் போச்சு, நான் கண்ணைக் காட்டினேன். பேச்சியம்மாள் என்னை வைய ஆரம்பிச்சாங்க. என் கை, என் மிஷினு, என் ராணுவம், ஒண்ணையும் விடல. பொறவு படியில உட்கார்ந்து நிஜமாவே அழுதாங்க, பேரனைப் பறிகொடுத்த மாதிரி. எனக்குப் பாவமாப் போச்சு. பொய் சொல்லிட்டோமேன்னு ஒரு நிமிசம் தவிச்சேன். செத்த நேரம் கழிச்சு முந்தானையில மூக்கைத் துடைச்சுட்டு மகனைப் பார்த்தாங்க.

“ஏலே கணேசா, அந்த மதுரை டாக்டரம்மா நம்பரு இருக்கா, தொலைச்சிட்டியா? திங்கக்கிழமையே இவளைக் கூட்டிட்டுப் போ, நீயும் சேர்ந்து காட்டிட்டு வா, இனி எந்தக் குளவியை நம்பி உட்கார்ந்திருக்க?”

அந்தத் தெருவுல இப்போ எனக்குக் ‘கைநடுங்கி’ன்னு பேரு, இருந்துட்டுப் போகட்டும், சுவரு சுத்தமா இருக்கு.