எரியாத நுரை

மைதிலி மரக்கரண்டியை வேகமாகச் சுழற்றமாட்டார். "வெரசலாக் கலக்குனா நுரை பொங்கீருமுங்க. அப்பறம் அது அடங்கற வரைக்கும் நாம பாத்துட்டு உக்காந்திருக்கோணும்." வயது ஐம்பத்திரண்டு. பல்லடம் சாலையில் வீட்டின் பின்னறைதான் அவருடைய தொழிற்கூடம். எவர்சில்வர் பானை, தராசு, தேங்காயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுக்கும், மென்மையாக நுரைக்கும் கோகோ குளுக்கோசைட் இரண்டு கேன். நிறைய நுரைத்தாலும் தோலை வறட்டும் சல்ஃபேட் இல்லாத பாடி வாஷ் செய்கிறார்.

அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் ஒரு சாய ஆலையின் லேபில் இருந்தார். அந்த நாட்களைக் கேட்டால் கரண்டி நின்றுவிடும். ப்ளீச்சிங் பிரிவில் ஈரத்துணி தூக்கிய சாத்தான்குளத்து ரோஸ்மேரியும் அவரும் மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். "அவ கருவாட்டுக் கொழம்பத் தொறந்தா மேனேஜரே எட்டிப் பாப்பாருங்க."

ப்ளீச் பட்டுப் பட்டு ரோஸ்மேரியின் உள்ளங்கைகள் வெடித்தன. எந்தச் சோப்புப் பட்டாலும் எரிந்தது. ஒருநாள் அவள் சோற்றை ஸ்பூனால் அள்ளினாள். மைதிலி அன்று தன் டப்பாவைப் பாதியில் மூடிவைத்தார். துணிக்குச் சாயம் கலக்கத் தெரிந்தவளுக்கு எரியாத ஒரு சோப்புக் கலக்க வராதா என்று தானே செய்யத் தொடங்கினார்.

முதல் கலவையைத் தோழியின் கையில் ஊற்றினார். ரோஸ்மேரி பல்லைக் கடித்தாள். "பரவால்லக்கா... லேசாத்தான் எரியுது." கண் நிறைந்திருந்தது. குளுக்கோசைட்டில் காரத்தன்மை அதிகம்; சிட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சைத் தோலுக்கு ஏற்ற ஐந்தரைக்கு இறக்கியிருக்க வேண்டும். மறந்திருந்தார். "நாள் பூரா துணிக்கு பிஎச் பாத்தவ நானு. ஒரு மனுசி கைக்குப் பாக்காம உட்டுட்டனுங்களே."

ஏழாவது கலவை எரியவில்லை. மருத்துவர் தந்த களிம்பும் கையுறையும் சேர்ந்து, இரண்டு மாதத்தில் ரோஸ்மேரி ரசஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். "வெரலக்கூட நக்குனாளுங்க!" மறு ஆண்டு ஆலையை மூடிவிட்டார்கள். ரோஸ்மேரி ஊருக்குப் போய்விட்டாள்.

நான் மைதிலியைப் பார்க்கப் போயிருந்தபோது உடுமலையிலிருந்து கடைக்காரர் சுரேந்தர் வந்திருந்தார்.

"நுரை பத்தலீங்க்கா. கொஞ்சம் சல்ஃபேட் சேத்துங்க, மாசம் ஐந்நூறு பாட்டில் எடுத்துக்கறனுங்க."

மைதிலி கரண்டியைப் பானையின் விளிம்பில் தட்டி வைத்தார். "இல்லீங்க தம்பி. அத வேற ஆருகிட்டயாவது கேளுங்க."

சுரேந்தர் போனதும் மைதிலி சாத்தான்குளத்துக்கு, ரோஸ்மேரிக்கு அனுப்ப ஒரு பாட்டிலை நிரப்பினார். மூடுவதற்கு முன் ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தார்.