ஸ்டாண்டு வாத்தியார்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பள்ளியில் அதைச் சொல்லிக் கேட்டால் காவலாளிக்கே தெரியாது. ‘ஸ்டாண்டு வாத்தியார்’ என்றால்தான் கை காட்டுவார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும், சாவியைத் திருப்புவதற்கு முன், “ஸ்டாண்டு எடுத்தாச்சு, கண்ணாடி பாத்தாச்சு, நியூட்ரல்ல இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் விடமாட்டார். “எனக்கே கேக்கல, வண்டிக்கு எங்கே கேக்கப்போகுது?” என்பார். சொல்லாமல் கிளம்பியவர் மைதானத்தை மூன்று சுற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு காலையில், வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பினார். தெருமுனையில் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியபோது அது தரையில் முட்டி வண்டியைத் தூக்கிப் போட்டது. நடைபாதைக் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கிய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் மனைவி கேட்டாள்: “எப்படிங்க ஆச்சு?”

“நாய் குறுக்கே வந்துடுச்சு” என்றார்.

உலகத்தில் நாய்க்கா பஞ்சம், ஏதோ ஒரு நாய் என்றுதான் நினைத்தார். ஆனால் எதிர்வீட்டுத் தையற்காரம்மாவிடம் ஒரு பழுப்பு நாய் இருந்தது. சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் அதற்குக் கால் தரையில் நிற்காது. அவர் வீடு திரும்பிய அன்றே அந்த அம்மா வந்து வாசற்படியில் நின்றாள். “அன்னைக்குக் கதவைச் சரியா சாத்தாதது நான்தான் தம்பி.”

உங்க நாய் இல்லக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போ எந்த நாய் என்று கேட்டுவிட்டால்? வாய் தானாக மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் அவள் நாயை ஊருக்கு வெளியே இருந்த தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அதோடு நிற்கவில்லை. செயற்கைக் கால் நுழைவதற்கு வசதியாக அவருடைய பேன்ட்டுகளில் எல்லாம் இடப்பக்கத் தையலைப் பிரித்து ஜிப் வைத்துக் கொடுத்தாள். “வாயில்லா ஜீவன் பண்ணினதுக்கு நான் இதாவது செய்யறேனே” என்றாள். தினமும் காலையில் அந்த ஜிப்பை இழுக்கும்போது அவருக்கு உடம்பு கூசும்.

மறுபடி ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, பழைய வண்டியை வெல்டிங் பட்டறைக்கு அனுப்பினார். பட்டறைக்காரர் அதிகம் பேசாதவர். கியர் மிதியை வலது காலுக்கு மாற்றினார். பின் பிரேக்கை இடது கைப்பிடியில், கிளட்சுக்குக் கீழே, இன்னொரு சின்ன லீவராக வைத்தார். இடது காலுக்கு வெறுமனே வைத்துக்கொள்ள ஒரு விளிம்பு கட்டிய மிதி. எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கழற்றி வைத்திருந்த பழைய சைடு ஸ்டாண்டைக் கையில் எடுத்தார். அதன் நுனி பளபளவென்று தேய்ந்து, பின்பக்கமாக மடங்கியிருந்தது.

“இது நின்னு வளைஞ்சதில்ல வாத்தியாரே. ஓடி வளைஞ்சது.”

வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. “பழைய வண்டிதானே அண்ணே…”

“நான் இரும்பைப் பத்தி மட்டும்தான் பேசறேன்” என்று அதைக் கழிவு டப்பாவில் போட்டார் பட்டறைக்காரர். “புதுசு போட்டிருக்கேன். கையால தூக்க ஒரு குமிழ் இருக்கு. இது கீழ இருந்தா இன்ஜின் எடுக்காது. அதுக்கு ஒரு சுவிட்ச் வெச்சிருக்கேன்.”

சனிக்கிழமை காலை பட்டறைக்காரரே வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி வாசலில் நின்றாள். பழைய மாணவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி பஸ் கண்டக்டர், ஒருவன் வங்கிக் காசாளன். தையற்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு எதிர்ப்படியில் நின்றாள்.

அவர் வலது காலை ஊன்றி, செயற்கைக் காலைக் கையால் தூக்கி மறுபக்கம் போட்டு உட்கார்ந்தார்.

“சார், பாடம் சொல்லுங்க! சொல்லலைன்னா மூணு சுற்று தள்ளணும்” என்றாள் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. பட்டறைக்காரருக்கு எதிரில் அதைச் சொல்ல நா எழவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு சாவியைத் திருப்பி பொத்தானை அழுத்தினார். கர்ர் என்றது, அடங்கியது. மறுபடி அழுத்தினார். அதே கர்ர்.

“புது வயரிங்தானே, ஏதாவது லூசா இருக்கும்” என்றாள் மனைவி.

பட்டறைக்காரர் பக்கத்துச் சுவரில் எதையோ படிப்பவர்போல் திரும்பிக்கொண்டார். வாத்தியாருக்கு உறைத்தது. குனிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆமாம், வயர்தான் என்று சொல்லி, குனிகிற சாக்கில் குமிழைத் தூக்கிவிட்டால் போதும், ஒருவருக்கும் தெரியாது.

அவர் தயங்குவதைத் தையற்காரம்மா வேறு மாதிரி புரிந்துகொண்டாள். “பயப்படாதீங்க தம்பி. இப்ப நம்ம தெருவுல நாய் எதுவும் இல்ல.”

அவர் கை பொத்தானிலிருந்து விழுந்தது.

“நாய் வரலக்கா” என்றார். “அன்னைக்கும் வரல. ஸ்டாண்டு எடுக்காம கிளம்பிட்டேன். இப்பவும் எடுக்கல, பாருங்க.”

கண்டக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. காசாளன் தன் செருப்பைப் பார்த்தான்.

தையற்காரம்மா கழுத்திலிருந்த நாடாவை உருவி விரலில் சுற்ற ஆரம்பித்தாள். முழுதும் சுற்றி முடித்தாள். “ஒன்றரை வருஷம் தம்பி” என்றாள்.

“நானே போய் அதைக் கூட்டிட்டு வர்றேன்க்கா.”

“வேண்டாம். அங்க பிள்ளைங்களோட பழகிடுச்சு. போன மாசம் போயிருந்தேன். வாலை ஆட்டுச்சு. கிளம்பும்போது பின்னாடி வரல.” உள்ளே போய்விட்டாள்.

மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “தெரு முழுக்க நானே சொல்லிட்டு வந்தேன்” என்றாள் மெதுவாக. பிறகு, “ஓட்டுங்க. வந்தவங்க நிக்கிறாங்க.”

அவர் குனிந்து குமிழைத் தூக்கினார். “ஸ்டாண்டு எடுத்தாச்சு” என்றார். முணுமுணுப்பாகத்தான் வந்தது. எனக்குக் கேக்கல என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி முதல் அழுத்தலிலேயே எடுத்தது. வலது கால் கியரைத் தேடிக் கண்டுபிடித்தது. தெருமுனையில், அதே நடைபாதைக் கல்லை ஒட்டி, அதே இடப்பக்கம் திரும்பினார். இத்தனை மாதம் கனவு கண்ட காற்று முகத்தில் அடித்தது. அதை ரசிக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் கை ஆக்ஸிலேட்டரை விடவில்லை.

திரும்பி வந்தபோது மாணவர்கள் போயிருந்தார்கள். வண்டியை எதிர்வீட்டு வாசலில் நிறுத்தி, ஸ்டாண்டை இறக்கி, அது பிடித்திருக்கிறதா என்று இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா” என்றார்.

மெஷின் நின்றது. அவர் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி ஓட ஆரம்பித்தது.