எண்ணூறு கெஜத்துக்கு அப்பால்

வெண்டல் ஹாக் வாய் ஓயாமல் திட்டிய ஒரே கூட்டம், தூரத்திலிருந்து மான் சுடுகிறவர்கள். எங்கள் வயோமிங் மலைப்பக்கத்தில் அந்தக் கூட்டம் வருடா வருடம் பெருகிக்கொண்டே வந்தது. ஒரு மேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மேய்கிற எல்க் மானை எண்ணூறு கெஜத்தில் வீழ்த்திவிட்டு, சாயங்காலம் மதுக்கடையில் வந்து அளப்பார்கள். வெண்டல் அந்த ரகமில்லை. எதிர்காற்றில் புதர் புதராகத் தவழ்ந்து, மான் புல் கடிக்கிற சத்தம் காதில் விழும்வரை நெருங்கித்தான் சுடுவார்.

"பக்கத்துல போகத் துப்பில்லாம குண்டைத் தபால்ல அனுப்பறானுங்க. இவனுங்கெல்லாம் வேட்டைக்காரனா? தபால்காரன்" என்பார்.

முப்பது வருடம் சோடா உப்புச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவருக்கு அறுபது தாண்டியதும் நுரையீரல் கையை விரித்துவிட்டது. சுரங்கத் தூசியா, சிகரெட்டா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. அந்த வருடம் மகள் டார்லாவோடு மலையேறினார். பாதிச் சரிவில் ஒரு மந்தை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மான்களுக்கு அவர் வாடை எட்டவில்லை. அவருடைய இளைப்புச் சத்தம் எட்டிவிட்டது. அத்தனையும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடின. வீடு வந்து சேரும்வரை வெண்டல் வாயைத் திறக்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த அன்றுகூட அவர் அப்படி இருந்ததில்லை. வேட்டையும் போய்விட்டால் தான் யார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மானம் மரியாதையை மூட்டை கட்டிவைத்துவிட்டு, குளிர் முடிந்ததும் பர்ட் ரிக்கர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஊரிலேயே அதிக தூரம் சுடுகிறவர் பர்ட். வெண்டலிடம் அதிகம் திட்டு வாங்கியவரும் அவர்தான்.

"யாரு, வெண்டலா? என்னய்யா, தபாலாபீசைத் தேடி வந்துட்டே?"

"சொல்லிக் குடுப்பியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

"குடுக்கறேன், உள்ள வாய்யா. துப்பாக்கி பெரிய விஷயமில்ல. காத்தைப் படிக்கணும். அது உனக்கு நான் சொல்லணுமா?"

பர்ட்டிடமே ஒரு நீளக் குழல் ரைபிளை வாங்கிக்கொண்டு, கோடை முழுவதும் வெண்டல் இரும்புத் தகட்டைச் சுட்டார். தன் காலடியில் காற்று ஒரு பக்கம் வீசும், நடுப் பள்ளத்தில் வேறு பக்கம் வீசும், தகட்டருகே வீசவே வீசாது. புல் சாய்வதைப் பார்த்து மூன்றையும் கணக்குப் போட்டு, விசையை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், குண்டு பட்டு இரண்டு விநாடி கழித்து 'டங்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அவர் அடிமையாகிவிட்டார். ஊன்றுகோலாக எடுத்தது ஆசையாகவே ஆகிவிட்டது. மதுக்கடையில் அவரும் அளக்க ஆரம்பித்தார். அப்பா வயிறாரச் சாப்பிடுகிறாரே என்று டார்லாவுக்கு நிம்மதி.

பர்ட்தான் ஒரு நாள் முகம் சுளித்தார். "தகடு நகராதுய்யா. மான் நகரும். அதுகூடப் பரவால்ல, சுட்டது விழுந்துச்சா இல்லையான்னு அந்தப் பக்கம் போய்ப் பாக்கணுமே. நீ எப்படிப் போவே?"

"நான் போறேன்" என்றாள் டார்லா. அத்தோடு பேச்சு முடிந்தது.

அக்டோபரில் மேட்டுவரை வண்டியிலேயே போனார்கள். எதிர்ச் சரிவில் பெரிய கொம்புக் கிடா ஒன்று பக்கவாட்டில் நின்றது. வெண்டல் படுத்தார். புல்லைப் பார்த்தார். இருந்த கொஞ்ச மூச்சையும் வெளியே விட்டு, அடக்கி, சுட்டார். பிழை ஒன்றும் இல்லை. குண்டு பள்ளத்தாக்கைக் கடக்கிற நேரத்தில் கிடா ஒரு அடி எடுத்து வைத்தது, அவ்வளவுதான். பின்னங்கால் மடிந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்து, முதுகைக் கூனிக்கொண்டு, பைன் மரங்களுக்குள் நடந்து மறைந்தது. வயிற்றில் பட்ட மான் அப்படித்தான் நடக்கும். அது வெண்டலுக்குத் தெரியாததில்லை.

டார்லா இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிரே ஏற மத்தியானமாகிவிட்டது. வெண்டல் தூரப்பார்வைக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் குனிவது தெரிந்தது. தரையைத் தொட்டாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கங்கே கிடந்த பழைய பனியில் தேய்த்துத் துடைத்தாள். பிறகு மரங்களுக்குள் போனவள் பொழுது சாயும்போதுதான் திரும்பி வந்தாள்.

"படலப்பா. சுத்தமாத் தப்பிடுச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. ஒரு முடிகூட இல்ல."

பெற்ற பெண் தனக்காகப் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு வெந்தது. சட்டைப்பையிலிருந்து வேட்டைச் சீட்டை எடுத்தார். வருடத்துக்கு ஒரு மான், ஒரு சீட்டு. மான் கைக்கு வந்ததும் சீட்டில் தேதியைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். அதோடு அந்த வருட வேட்டை தீர்ந்தது. காயம்பட்டுத் தப்பியதற்கு வெட்டச் சொல்லிச் சட்டம் கேட்பதில்லை. வெண்டல் வெட்டினார்.

"என்னப்பா பண்றீங்க? அதான் படலேன்னு சொன்னேன்ல?"

"கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்."

டார்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காலைல மறுபடி போய்த் தேடறேன்ப்பா" என்றாள்.

"அதுவரைக்கும் அது அங்க குண்டோட கெடக்கணுமா?"

அவர் எழுந்து சரிவில் இறங்க ஆரம்பித்தார். அவள் தடுக்கவில்லை. முதல் பாறையிலேயே மூச்சு முட்டிப்போயிற்று. பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவரிடம் அவள் போய் உட்கார்ந்தாள். அவரால் அழக்கூட முடியவில்லை. அதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. எதிர்ச் சரிவில் ரத்தத் தடத்தின் மேல் பனி கொட்டத் தொடங்கியிருந்தது.