பொட்டு வைத்த தாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு பல்லடம் பக்கம், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி தயாரிக்கும் கம்பெனியில் நடந்தது இது. துணியைப் பையில் போட்டுச் சூட்டில் ஒட்டும் மெஷின் என் பொறுப்பு. கணவருக்குச் சாயப்பட்டறை வேலை போய்விட்டதால், என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

மெஷினுக்கு எவ்வளவு சூடு என்று எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருக்கும். அந்த வருடம் எல்லாத் தாள்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். புதிய தாள் ஏறினால் பழையது தானாக ஒதுங்கிவிடும், யார் படித்தார்கள் என்பதும் பதிவாகும் என்றார்கள். வேறு ரகப் பை வந்து சூட்டைக் கூட்ட வேண்டியிருந்தபோது, எங்களை வரிசையாக நிறுத்தித் திரையில் விரல் வைக்கச் சொன்னார்கள். கோவிலில் தீர்த்தம் வாங்குகிற வேகத்தில் வைத்துவிட்டு வந்தோம். படித்தவர் யார்?

கம்ப்யூட்டரில் ஒதுங்கிய தாள் சுவரில் ஒதுங்கவில்லை. ஆயுத பூஜையன்று மெஷினோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தோம். பூஜை செய்ததை யார் கிழிப்பது? நானும் வழக்கம்போல் அதைப் பார்த்தே சூடு வைத்தேன்.

அனுப்பத் தயாரான பெட்டிகளில், சூடு போதாமல் பைகள் தொட்டாலே பிரிந்தன. அத்தனையும் எரிக்கப் போனது. மேனேஜர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். புதிய அளவைப் படித்துப் புரிந்துகொண்டதாக என் பெயர் இருந்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அதே அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தத் தாள்களைக் கவனிக்கும் பெண் எழுந்தார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பழைய தாளை எடுக்கறது என் வேலைங்க சார். எடுக்கத்தான் போனேன், பொட்டு வெச்சிருந்துதுங்க. சர்ச்சுக்குப் போற நான் கிழிச்சா இவங்க மனசு நோகுமோன்னு உட்டுட்டனுங்க. அக்கா மேல தப்பில்லீங்க."

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை. அவர் கிளம்பும்போது கேட் அருகே பிடித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேக்கவே பயமா இருந்துதுங்க்கா," என்றார்.

மறுநாள் ஈரத்துணி வைத்துத் தாளை நானே உரித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு இன்னும் பொட்டு வைக்கிறோம். குங்குமத்தில் விரல் படும்போதெல்லாம், கூடவே வேலை செய்த ஒரு பெண் எங்களிடம் கேட்கக்கூடப் பயப்படும்படி நாங்கள் இருந்திருக்கிறோமே என்று மனசு குறுகிப்போகிறது.