அமானிதமாக வந்த நாய்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் காலையில் நாய் சோறு தின்னவில்லை. பெருநாள் இறைச்சி கண்ட நாய்க்குச் சோறு இறங்குமா என்று நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பகலானதும் பின் வளவில் மழைக்குள் நின்று வாந்தியெடுத்தது. முதலில் இறைச்சித் துண்டுகள், பிறகு மஞ்சள் நுரை, பிறகு வெறும் ஓங்காளம். முதுகை வளைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அது நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது எங்கள் நாயாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அது இன்னொருத்தியின் நாய்.

கல்முனைக் கடற்கரையில் நாங்கள் இருந்த காலத்தில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. புருசன் கடலுக்குப் போவான், அவள் மீனைக் காயவைத்து விற்பாள். சுனாமி அவளுடைய புருசனையும் வீட்டையும் கொண்டுபோனது. என் உம்மாவையும் கொண்டுபோனது. இருவரும் ஒரே பள்ளிக்கூட முகாமில் கிடந்தோம். ஒரு நாள் முகாம் வாசலில், எங்கே நீந்தி எங்கே ஒதுங்கியதோ, அவளுடைய நாய் வந்து நின்றது. அவளுக்கு மிச்சமானது அது ஒன்றுதான்.

பிறகு அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள். போகும்போது நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, இவன உங்கள்ட்டத்தான் விட்டுட்டுப் போகப் போறன்."

"எங்கட வீட்டுல நாய் வளக்கிறல்ல என்டு உனக்குத் தெரியாதா தங்கச்சி?"

"வளக்க வேணாம். நான் வரும் வரைக்கும் வெச்சிருங்க, அது போதும்."

என் புருசன் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு என்னிடம், "அமானிதம் என்டு ஏத்தாச்சி. திருப்பிக் குடுக்கிற வரைக்கும் நம்மட பொறுப்பு. விளங்குதா?" என்றார். ஒப்படைத்த பொருளுக்கு நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டும். விளங்காமல் என்ன.

சோற்றுக்கோ தண்ணீருக்கோ ஒரு நாளும் குறை வைக்கவில்லை. தென்னையடியில் தகரம் போட்டு இடம் கட்டினோம். தனிக் கோப்பையில், நீளப் பிடி அகப்பையால், எட்ட நின்று சோறு போடுவேன். நாயின் எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். அதன் ஈர உடம்பு பட்டாலும் அப்படித்தான். மாரியில் நாய்க்கு உடம்பு காயும் நேரமே இல்லை. ஆகவே அந்த வருசங்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. அதுவும் பழகிவிட்டது. என்னைக் கண்டால் ஓடிவரும், இரண்டு கை தூரத்தில் தானாக நின்று வாலை ஆட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் வேலை செய்யும் வீட்டார் அவளைப் போன் பேச விடுவார்கள். என் சுகம், பிள்ளைகள் சுகமெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அவன்ட சத்தத்தக் கேக்க வையுங்க அக்கா" என்பாள். ஸ்பீக்கரைப் போட்டு நீட்டுவேன். அவள் குரலைக் கேட்டதும் அவன் குரைப்பான். அதைக் கேட்டால்தான் அவள் போனை வைப்பாள்.

அந்த நாயின் தொண்டையில் இப்போது சத்தமே இல்லை.

மறுநாளும் அப்படியே கிடக்கவே, கை படாமல் சாக்கால் மூடித் தூக்கி, உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். சண்டை முடிந்த வருசம்தான், ஆனால் சந்தியில் ஆமிச் சோதனைச் சென்றி அப்படியே இருந்தது. ஆமிக்காரன் சாக்கைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு போகச் சொன்னான். டாக்டர் மட்டக்களப்புப் பக்கத்து இளம் பிள்ளை. மாடும் ஆடும் கோழியும்தான் அவருக்கு நாளாந்தம் வரும்.

"கிருமியா இருக்கலாம், நஞ்சா இருக்கலாம், என்னவும் உள்ளுக்குத் தடக்கியும் இருக்கலாம்" என்றார். "படம் எடுத்துப் பாக்க இஞ்ச வசதியில்ல. வாயத் துறந்து பாக்கணும். ஆராவது தலைய இறுக்கிப் புடிங்க."

நான் புருசனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம். அவர் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் நல்ல அபாயா உடுத்திருந்தேன். இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். டாக்டர் தனியாக முயன்றார். நாய் பல்லைக் காட்டியது. அவர் கையை இழுத்துக்கொண்டு, முதுகில் இரண்டு ஊசி போட்டு, "பாப்பம்" என்றார். அந்தப் "பாப்பம்" எனக்குப் பிடிக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் புருசன், "ஆரோ மருந்து வெச்சிட்டாங்க" என்றார். போதாதா எனக்கு? கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். ரோட்டில் இறங்கி நின்று, நாய் குரைக்கிறது என்று முன்பு முறைப்பட்ட வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி ஏசினேன். வாயில்லாச் சீவனுக்கு நஞ்சு வைத்த கை விளங்குமா என்று கேட்டேன். ஒரு கதவும் திறக்கவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஊசி போட்டும் வாந்தி நிற்கவில்லை. இளநீரை ஊற்றினால் நக்கும், கொஞ்ச நேரத்தில் அப்படியே வெளியே வரும். விலா எலும்பு தெரியத் தொடங்கியது. அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

போன் அடித்தபோது எடுக்காமல் விடலாமா என்றுகூட நினைத்தேன். எடுத்தேன். வழக்கம் போல எல்லாம் விசாரித்தாள். பிறகு அவனைக் கேட்டாள்.

"தங்கச்சி, அவனுக்குச் சுகமில்ல." நடந்ததைச் சொன்னேன்.

"டாக்டர் வாய்க்குள்ள பாத்தாரா அக்கா?" என்றாள்.

"பாக்க விடல்ல அவன்."

"ஆரும் புடிச்சா விடுவான் அக்கா. காதுக்குப் பின்னால தடவிக்கிட்டே புடிச்சா ஒண்டும் செய்ய மாட்டான்."

ஆர் பிடித்தது என்று அவள் கேட்கவில்லை. எங்கள் வீட்டை அவளுக்குத் தெரியும். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காமல் விட்டதுதான் என் நெஞ்சில் குத்தியது. போனை வைத்துவிட்டுப் பின் வளவுக்குப் போனேன். நாய் எழும்பவில்லை. வாலின் நுனி மட்டும் சேற்றில் அசைந்தது. என்னைக் கண்டதும் தலையை ஒரு பக்கமாக நகர்த்தி, எனக்கு இடம் விட்டது. சாகக் கிடக்கும்போதும் அது என்மேல் படாமல் பார்த்துக்கொண்டது.

எனக்கு அழுகை வந்தது. சேற்றோடு அதை இரண்டு கையாலும் வாரித் தூக்கினேன். நினைத்ததைவிடப் பாரம் குறைவாக இருந்தது.

"என்ன புள்ள செய்றாய்?" என்றார் புருசன்.

"மெசின எடுங்க" என்றேன். எடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் தன் வீட்டுக்குப் போகக் குடையை விரித்துக்கொண்டிருந்தார். மேசையில் நாயைக் கிடத்தி, காதுக்குப் பின்னால் தடவினேன். அந்த மயிர் எவ்வளவு மெதுவானது என்று அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு தாடையையும் பிடித்து விரித்தேன். எச்சில் முழங்கை வரை வடிந்தது. டாக்டர் டோர்ச் அடித்து நாக்கைத் தூக்கினார்.

"இஞ்ச பாருங்க."

நாக்கின் அடியில் ஒரு நூல் சுற்றி, சதையை அறுத்துக்கொண்டு கிடந்தது. மறுமுனை தொண்டைக்குள் இறங்கியிருந்தது. நெல் மூட்டைக்கு வாய் தைக்கும் நைலோன் நூல். பெருநாளன்று இறைச்சிக் கூறு போட்ட சொப்பிங் பேக்குகளை எங்கள் வீட்டில் அந்த நூலால்தான் கட்டினோம். இரத்தம் பட்ட நூலை நாய் விடுமா?

"இழுத்தா குடல் கிழிஞ்சிரும்" என்றார் டாக்டர். நாக்கடியில் மட்டும் வெட்டிவிட்டார். "மிச்சம் தானா எறங்கணும்."

"எறங்குமா?"

"சொல்ல ஏலா அக்கா. குடல் ஏற்கனவே அறுபட்டிருந்தா ஒண்டும் செய்ய ஏலா. ஒப்பரேசனுக்குப் பேராதனைக்குத்தான் கொண்டு போகணும். இந்த மழைக்குள்ள அவ்வளவு தூரம் தாங்க மாட்டான்."

சேலைன் ஏற்றி அனுப்பினார். அதன் பிறகு இருந்த இருப்பை என் பகையாளிக்கும் கேட்க மாட்டேன். மாவடிப்பள்ளிப் பக்கம் எங்கள் வயல் வெள்ளத்தில் கிடந்தது. விதைப்பு அழுகுகிறது என்று புருசன் ஓடித் திரிந்தார். நான் தென்னையடியில் பலகை போட்டுக் குந்தியிருந்தேன். வயிற்றைத் தடவுவேன். கல்லுப் போல இருக்கும். கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பேன். தொழுகை நேரம் வந்தால் கிணற்றடிக்குப் போய் ஏழு தரம் கழுவுவேன், ஒரு தரம் மண்ணால். தொழுதுவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தொடுவேன். பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். யா அல்லாஹ், அமானிதத்தை என் கையில் வைத்து எடுத்துவிடாதே என்றுதான் அந்த நாட்களில் என் துஆ முழுதும்.

ஒரு பின்னேரம் அது தானாக எழும்பி, வேலியோரம் போய்க் குந்தியது. ஈர்க்கால் கிளறிப் பார்த்தேன். பீயோடு சுருண்டு நூல் கிடந்தது. பீயைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்ன மனுசி ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முழுதும் வந்துவிட்டதா என்று டாக்டரைக் கேட்டதற்கு, அப்போதும் "பாப்பம்" என்றுதான் சொன்னார். ஆனால் கோப்பையில் போட்ட சோறு அன்றைக்கு வயிற்றில் நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. "அக்கா" என்றாள். அதற்கு மேல் கேட்கப் பயந்து நின்றாள். நான் ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினேன். அவள் அவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கம்மிய குரலில், இருமுவது போல, ஒரு தரம் குரைத்தான். பிறகு மழை ஈரத்தோடு தலையை என் மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தேன். கரையொதுங்கிய பிணங்களுக்குள் தன் புருசனின் மையித்தைத் தேடித் திரிந்த நாட்களிலும் அவள் இப்படி அழுததை நான் கேட்டதில்லை.

"வாயப் புடிச்சது ஆரு அக்கா?"

"நான்தான்."

"கையாலயா?" என்றாள். "உங்களுக்கு ஏழு தரம் கழுவணுமே அக்கா."

"கழுவினன்" என்றேன். "நாளைக்கும் கழுவுவன். அவசரமில்ல, நீ ஆறுதலா வா."