கையால் போட்ட கோடு

ஓவசியர் கோடு போட அடிமட்டம் தேட மாட்டார். கொப்பியைத் தொடையில் வைத்து, பென்சில் முனையை நாக்கில் ஒருமுறை தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுவை. கோடு எப்போதும் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் போகும். அதற்கு இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்டவை இருக்கும்: பயிரின் உயரம், தண்ணீரின் ஆழம், கதிர்களின் எண்ணிக்கை. வலது பக்கம் ஒருவரும் கேட்காதவை. "ராத்திரி காட்டுப்பண்டி வந்து கிண்டினது, கிழக்கு மூலையை எண்ண வேண்டாம்." "வாய்க்கால் ரெண்டு நாள் பூட்டு." ஓரிடத்தில், "அளந்தவனுக்குக் காய்ச்சல், திரும்ப அளக்க வேணும்" என்று தன்னைப் பற்றியே எழுதியிருந்தார்.

அறுபதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த பல்கலைக்கழகத்துக்கு முரசுமோட்டைப் பக்கம் ஒரு சோதனை வயல் இருந்தது. புதிய நெல்லினங்களைப் பாத்தி பாத்தியாக விதைத்துப் பார்ப்பார்கள். பதினான்கு வருடம் அதன் மேற்பார்வைப் பொறுப்பு ஓவசியரிடம் இருந்தது. பேராசிரியர்மார் போகத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த ஊருக்கு அவர்தான் பல்கலைக்கழகம். பிறகு அந்தப் பதவிக்குப் பட்டதாரிதான் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வந்த பட்டதாரி நான். அவருடைய கதிரையில் நான் இருந்தேன், அவர் எனக்குக் கீழே அளவு எடுப்பவர் ஆனார். "எங்கடை கொட்டிலுக்கும் ஒரு படிச்ச பிள்ளை வந்திட்டுது. இருங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்" என்றார். ஊர் அவரைத் தொடர்ந்து ஓவசியர் என்றே கூப்பிட்டது. அது எனக்குக் கொஞ்சம் குத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அப்போது தலைக்கனம். மூன்றாம் மாதமே கொப்பியை நிறுத்திவிட்டு அச்சடித்த படிவம் கொண்டுவந்தேன். பெட்டி பெட்டியாக எண்கள் மட்டும். குறிப்பு எழுத இடம் வைக்கவில்லை. கண்டது கேட்டதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது என்று அவருக்கே விளக்கமும் சொன்னேன். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடைச் சிறுபோகத்தில், பாத்திக்கு ஒரு நெல்லினமாக விதைத்து, எல்லாப் பாத்திகளுக்கும் தண்ணீர் விடாமல் நிறுத்தியிருந்தோம். குறைந்த தண்ணீரில் எந்த நெல் தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதுதான் சோதனை. ஒரு காலை, முழங்கால்வரை சேற்றோடு என் கந்தோர் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நாலாம் பாத்தியை எண்ணாதைங்கோ. வரம்பிலை நண்டு வளை விட்டிருக்கு. பக்கத்து வயல் தண்ணி உள்ளுக்கை போகுது."

நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. "படிவத்திலை அதுக்கு இடமில்லை. அளந்ததை மட்டும் எழுதுங்கோ, மற்றதைப் பிறகு பாப்பம்."

"சரி ஐயா" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவேயில்லை. நான் போய் அந்த வரம்பைப் பார்க்கவுமில்லை.

மற்றப் பாத்திகள் கருக, நாலாம் பாத்தி பச்சையாக நின்றது. என் அறிக்கைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த சிறுபோகத்துக்கு அந்த நெல்லை, தண்ணீர் ஒழுங்காக எட்டாத வாய்க்கால் கடைசி வயல்காரருக்கு விதையாகக் கொடுத்தோம். வண்டிலில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோனவர் ஓவசியர்.

ஆடியில் எல்லாம் வைக்கோலாக நின்றது. இருவரும் சைக்கிளில் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் ஒன்று. வீட்டுக்காரி வரம்பில் நின்றார். என்னை அவர் பார்க்கவேயில்லை.

"ஓவசியர் அண்ணை, நீங்கள் கொண்டுவந்து தந்த நெல்லெண்டுதானே விதைச்சனாங்கள்."

"ஓம் பிள்ளை. பிழை என்ரைதான்."

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, தெரிந்திருந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது, பாருங்கள். "நீங்கள் பாத்துத்தான் அனுப்பியிருப்பியள் எண்டு நினைச்சன் ஐயா" என்றார். நான் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த மாதமே அவர் வேலையை விட்டார். முல்லைத்தீவில் மகளோடு இருப்பதாக யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு நான் பல்கலைக்கழக நிர்வாகப் பக்கம் வந்து முப்பது வருடம் படிவம் தயாரித்தேன். தரத்துக்கு ஓர் உத்தியோகத்தர், திட்டத்துக்கு ஒருவர், கண்காணிப்புக்கு ஒருவர் என்று பதவிகள் பெருகின. புதியவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். கோட்டுக்கு வலது பக்கம் இரண்டு விரல் அகலத்தில் ஓவசியர் எழுதி வந்ததைச் செய்யத்தான் இத்தனை பேர் என்று வகுப்பு நடுவில் எனக்குப் படும். பட்டும் ஒன்றும் செய்யாது. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருக்கும்.

ஓய்வு பெறும் வாரம் பழைய கோவைகளை ஒதுக்கினேன். நாலாம் பாத்தி பச்சையாக நின்ற அந்தச் சிறுபோகத்துப் படிவங்கள் ஒரு கட்டாக இருந்தன. அவற்றின் எண்களை நானே பார்த்து அறிக்கையில் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றிலும் என் கையொப்பம். ஒன்று கை தவறிக் கீழே விழுந்து கவிழ்ந்து கிடந்தது.

பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. மற்றவற்றையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் இருந்தது. விழுந்து கிடந்ததை எடுத்து வாசித்தேன்: "நாலாம் பாத்தி, வரம்பில் நண்டு வளை. தண்ணி உள்ளே போகுது. எண்ண வேண்டாம். தம்பி பிறகு பார்ப்பார்."