ரேடியோக்காரி வாய் மூடக் கற்றது

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தியவளுக்கு விளம்பரம் ஓடும்போதுதான் மூச்சு விட நேரம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்குப் பிழைப்பே வாய்தான்.

வாரத்துக்கொரு நாள் தாய்மார்கள் அழைப்பார்கள். பையன் எல்லாரையும் கடிக்கிறான், பெண் பள்ளி வாசலில் வாந்தி எடுக்கிறாள் என்று கொட்டித் தீர்ப்பார்கள். இவள் ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவாள். ஒருநாள் ஒரு தாய் இடைமறித்தாள்.

"பாட்டு வேணாம்மா. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. கல்லூரியில் உளவியல் படித்தவள்தான், ஆனால் படித்ததெல்லாம் எப்போதோ காற்றோடு போயிருந்தது. அந்தத் தாயின் குரல் மட்டும் போகவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், குழந்தை உளவியல் முதுகலைப் படிப்பில் சேரப் போவதாகக் கணவனிடம் சொன்னாள். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன் அவன்.

"சேரு. பரீட்சைக்குப் படிக்கும்போதாவது வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும், அன்றைக்கே அவளுக்காக ஒரு மேசையைச் சுவரோரம் நகர்த்திப் போட்டான்.

முதல் வருடம் புத்தகம், வகுப்பு, தேர்வு என்று ஓடிவிட்டது. இரண்டாம் வருடம் பயிற்சி மருத்துவமனை. அங்கே அவளை மேற்பார்வையிட்டவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள், அதிராமல் பேசுகிற டாக்டர். விளையாட்டு அறையில் மணல் தொட்டி, பொம்மை வீடு, முழங்கால் உயர நாற்காலிகள். ஒரு சுவரில் கண்ணாடி. அதற்குப் பின்னாலிருந்து டாக்டர் பார்ப்பாள், குழந்தையின் பெற்றோருக்கும் அது தெரியும்.

அவளிடம் முதலில் வந்தது ஆறு வயதுப் பெண் ஒருத்தி. வீட்டில் வாயாடி. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவள் குரலை ஆசிரியை கேட்டதே இல்லை. திமிர் என்றார்கள் சிலர், ஊமை என்றார்கள் சிலர். டாக்சி ஓட்டும் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு ரேடியோக்காரி தன் வித்தையெல்லாம் காட்டினாள். பொம்மைக்குக் குரல் கொடுத்தாள், கதை சொன்னாள், கேள்வி கேட்டாள். குழந்தை தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் சொன்னாள்: "அக்கா, நல்லாத்தான் பேசினீங்க. ஆனா அந்தப் புள்ள நுழைய ஒரு இடுக்குகூட விடலையே. அவ பிடிவாதத்துல வாயை மூடல. பயத்துல தொண்டை அடைச்சுக்குது. கேள்வி கேட்கக் கேட்க இன்னும் அடைக்கும்."

சுருக்கென்றது. ஆனாலும் அது சரி என்று பட்டது.

டாக்டர் வழி சொன்னாள். அப்பாவும் மகளும் மட்டும் அறைக்குள் பாம்பு ஏணி ஆட வேண்டும். கதவு சாத்தியிருக்கும். ரேடியோக்காரி வெளியே நிற்க வேண்டும். குழந்தைக்குப் பழகப் பழகக் கதவு கொஞ்சம் திறக்கும், அவள் கொஞ்சம் உள்ளே வருவாள். அவசரமே கூடாது. குழந்தை பேசினால் கைதட்டக் கூடாது, "அட, பேசிட்டியே" என்று கொண்டாடவும் கூடாது.

முதல் தடவை கதவுக்கு வெளியே நின்றபோதுதான் அந்தக் குரலைக் கேட்டாள். மெல்லிய குரலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கேட்டதோ, கொஞ்சம் கரகரப்பான, அதிகாரமான குரல்.

"அப்பா, கள்ளாட்டம் ஆடாதீங்க. பாம்பு கடிச்சா இறங்கித்தான் ஆகணும்."

இவ்வளவும் உள்ளேதான் இருந்திருக்கிறது. சட்டம், நியாயம், கேலி எல்லாம் இருந்திருக்கிறது. ஊமை என்று சொன்ன ஊருக்கு நடுவில் இதை முழுசாக வைத்துக்கொண்டு இந்தச் சின்னது தினமும் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறது.

வாரங்கள் போயின. கதவு பாதி திறந்தது. பிறகு அவள் அறை மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைகளைத் துடைத்தாள். குழந்தையின் குரல் சில நாள் கிசுகிசுப்பாகச் சுருங்கியது, சில நாள் நின்றே போனது. அப்போதெல்லாம் அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கடைசியில் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூன்றாவது ஆளாகக் காய் நகர்த்தினாள்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அப்பாவின் போனில் பயணி ஒருவர் விடாமல் அழைத்தார். "அஞ்சு நிமிஷம், கண்ணு" என்று சொல்லி அவர் வெளியே போனார். குழந்தை உறைந்தது. ரேடியோக்காரியின் நாக்கு நுனியில் ஆயிரம் சொல் வந்து முட்டியது. ஒன்றையும் விடவில்லை. பலகையைப் பார்த்தபடி இருந்தாள். வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்ததில்லை. குழந்தை பகடையை உருட்டியது, காயை நகர்த்தியது. பிறகு பகடையை இவள் பக்கம் தள்ளியது.

"உங்க ஆட்டம்."

இரண்டே சொல். எச்சில் விழுங்குகிற சத்தத்தோடு வந்த சொல். மலையைப் புரட்டி வைத்தவளைப் போலக் குழந்தையின் நெற்றியில் வேர்த்திருந்தது.

"சரி" என்று மட்டும் சொல்லி அவள் பகடையை எடுத்தாள். வீசிய வேகத்தில் அது பலகையைவிட்டு உருண்டு மணல் தொட்டிக்கடியில் போனது. இருவரும் குனிந்து தேடினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் எழுந்து நின்றுவிட்டாளாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

பிறகு இதே பாம்பு ஏணி வகுப்பறைக்குப் போனது, அதே பொறுமையோடு. ஆசிரியையிடம் குழந்தை சொன்ன முதல் வாக்கியம் ஒரு புகார்: "மிஸ், இவன் என் ரப்பரைத் திருப்பித் தரமாட்டேங்கிறான்." அப்பா அதைப் போனில் சொல்லும்போது பாதியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சொன்னார்.

ரேடியோக்காரி தேர்ச்சி பெற்று, இப்போது ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறாள். அந்த இரண்டு சொல்லைப் பற்றிக் கணவன் ஒருமுறை கேட்டான், அப்படி என்னதான் இருந்தது என்று. விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. அவனும் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.